நான்கு நிமிட மைல்: நம்பிக்கை எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை

தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறவர்கள் எப்படியும் வந்து சேருகிற கதை ஒன்று உண்டு. ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவது மனிதனால் ஆகாத காரியம் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தது. முயன்றால் இதயம் நின்றுவிடும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 1954இல் இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர் ஓடிக் காட்டினார். மனத்தடை உடைந்தது. அடுத்த ஒரே ஆண்டில் முப்பது, நாற்பது பேர் அதே சாதனையைச் செய்தார்கள். ஆகவே நம்புங்கள், முடியும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் கதையின் பாதி நிற்கவில்லை. அந்த ஓட்டத்துக்குப் பிறகு முழுதாக ஓராண்டு கடந்தபோது, நான்கு நிமிடத்துக்குள் ஓடியிருந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்: பேனிஸ்டர், இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி. 1955 மே 28 அன்று லண்டனில் நடந்த ஒரே பந்தயத்தில் லாஸ்லோ டாபோரி, கிறிஸ் சாட்டவே, பிரையன் ஹியூசன் ஆகியோர் சேர்ந்தபோது எண்ணிக்கை ஐந்தானது. நாற்பது பேர் கூட்டம் எங்கேயும் இல்லை.

அப்படியானால் நம்பிக்கைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் மேடையில் சொல்லப்படும் இடத்தில் இல்லை. வேறு சில இடங்களில், சிறிய அளவில், மிகச் சரியான நேரத்தில் இருந்தது. அந்த இடங்கள் எவை என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஆய்வு.

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வேலையில் முன்னுக்கு வந்தவர்களின் கதைகளை வைத்துக்கொண்டு தன்னம்பிக்கையை ஆராய்வது கடினம். வென்ற பிறகு எல்லோரும் "நான் அன்றே நம்பினேன்" என்கிறார்கள். சரிபார்க்க வழி கிடையாது. ஓட்டத்தில் ஒவ்வொரு படியும் விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதோடு, ஒரே காலத்தில் ஒரே இலக்கை நோக்கி மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூவரின் மனநிலையும் மூன்று விதம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான நிகழ்வு எளிதில் கிடைக்காது.

பின்னணி: ஒன்பது ஆண்டு இடைவெளி

1937இல் இங்கிலாந்தின் சிட்னி வூடர்சன் ஒரு மைலை 4 நிமிடம் 6.4 விநாடியில் ஓடினார். 1942 முதல் 1945 வரை ஸ்வீடனின் குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் இருவரும் அந்தச் சாதனையை மாறி மாறி உடைத்தார்கள். ஒருவர் குறைத்தால் அடுத்தவர் இன்னும் குறைப்பார். 1945 ஜூலையில் ஹேக் 4:01.4இல் ஓடினார். மூன்றே ஆண்டில் ஐந்து விநாடி. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அந்த எண் அசையவில்லை.

இந்த ஒன்பது ஆண்டைத்தான் மனத்தடை என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஸ்வீடன் இரண்டாம் உலகப் போரில் சேராத நாடு. அதனால் அங்கே பந்தயங்கள் நடந்தன. மற்ற நாடுகளின் இளைஞர்கள் போர்முனையில் இருந்தார்கள். போர் முடிந்து உலகம் மறுபடி மைதானத்துக்கு வந்தபோது, ஹேக், ஆண்டர்சன் இருவருக்கும் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஓடுவதற்குப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தக் காலத்து விதிகளில் அது பெரிய குற்றம். நான்கு நிமிடத்துக்கு மிக அருகில் நின்ற இருவரையும் விதி வெளியே தள்ளியது, அவர்களுக்குப் பின்னால் வரவேண்டியவர்களைப் போர் தாமதப்படுத்தியது. மனத்தின் மீது பழி போடுவதற்கு முன் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே பழக்கம் அலுவலகங்களிலும் இருக்கிறது. ஒருவர் முன்னேறவில்லை என்றால் "அவருக்குத் தன்னம்பிக்கை போதாது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாய்ப்பு கிடைத்ததா, விதிகள் இடம் கொடுத்தனவா, கூடப் போட்டி போட ஆள் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று பேர்

1952 முதல் மூன்று பேர் இந்த இலக்கைத் துரத்தினார்கள். அமெரிக்காவின் வெஸ் சாண்டீ, நான்தான் முதல் ஆளாக ஓடப்போகிறேன் என்று வெளிப்படையாகப் பேசியவர். லேண்டி அதற்கு நேர்மாறு. 1952 டிசம்பரில் 4:02.1இல் ஓடினார், உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு மறுபடி மறுபடி ஓடியும் நேரம் 4:02ஐச் சுற்றியே நின்றது. மிச்சமிருக்கும் இரண்டு விநாடி சுவர் போல நிற்கிறது என்று அவரே வெளியில் சொன்னார். மூன்றாமவர் பேனிஸ்டர். ஓட்டம் அவருடைய தொழில் கிடையாது. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். மதிய இடைவேளையில் கிடைத்த நேரத்தில் ஓடிவிட்டு, மறுபடி வார்டுக்குப் போவார்.

பேனிஸ்டரைப் பற்றிச் சொல்லப்படாத ஒரு செய்தி முக்கியமானது. மூச்சு, ஆக்ஸிஜன், களைப்பு ஆகியவற்றை அவர் ஆய்வுக்கூடத்தில் ஓடுபொறி வைத்து ஆராய்ந்தவர். நான்கு நிமிடம் என்பது உடல் தாங்கக்கூடிய அளவுதான் என்று கணக்குப் போட்டு அறிந்திருந்தார். "முடியாது என்று எல்லோரும் சொன்னதை நம்பாமல் ஓடினார்" என்கிற வாக்கியம் அவருக்குப் பொருந்தாது. சாண்டீக்கும் பொருந்தாது, லேண்டிக்கும் பொருந்தாது. நல்ல ஓட்டக்காரர்கள் யாரும் அது முடியாத காரியம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு இருந்த கேள்வி வேறு: அது என்னால் முடியுமா, எப்போது, எப்படி?

தோல்வியை வாசித்த விதம்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் பேனிஸ்டர் தங்கம் வாங்குவார் என்று அவருடைய நாடு எதிர்பார்த்தது. அவர் நான்காவதாக வந்தார். எதிர்பாராமல் ஓர் அரையிறுதிச் சுற்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. குறைந்த பயிற்சியில் ஒன்றிரண்டு ஓட்டங்களுக்காகத் தயாரான உடல், அடுத்தடுத்த நாட்களில் ஓட வேண்டியதைத் தாங்கவில்லை. பத்திரிகைகள் விளாசின. ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார்.

மனப்பான்மை என்று நாம் பேசுவதற்கு இந்த நிகழ்வில் முதல் வேலை இங்கே வருகிறது. அதே நான்காவது இடத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். "என் திறமை இவ்வளவுதான்" என்பது ஒன்று. "இந்தப் பயிற்சி இப்படிப்பட்ட பந்தயத்துக்குப் போதவில்லை" என்பது இன்னொன்று. முதலாவதை வாசித்தவருக்கு அடுத்து செய்ய எதுவும் இல்லை. இரண்டாவதை வாசித்தவருக்கு மறுநாள் காலையிலேயே வேலை இருக்கிறது. பேனிஸ்டர் இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓடுவது என்று முடிவு செய்தார். பயிற்சியின் கடுமையைக் கூட்டினார்.

உளவியலாளர் கரோல் டிவெக் பிற்காலத்தில் வளர்ச்சி மனப்பான்மை, மாறா மனப்பான்மை என்று பிரித்துக் காட்டியதும் இதைத்தான். அந்தக் கருத்தைச் சுற்றி இன்று பெரிய சந்தையே உருவாகியிருக்கிறது. ஆய்வு முடிவுகளோ அடக்கமானவை. 2019இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வில், அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேருக்கு, அறிவுத்திறன் வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி, நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 அளவுக்கு உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இத்தகைய பயிற்சிகளின் மொத்த விளைவு மிகச் சிறியது என்றே கண்டார்கள். 0.1 என்பது ஒன்றுமில்லாதது இல்லை. ஒரு மணி நேரச் செலவுக்கு நல்ல வரவுதான். வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றும் என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு அது பெரியதும் இல்லை.

எண் முன்னால் வந்தது

1953 மே மாதம் ஆக்ஸ்போர்டில் பேனிஸ்டர் 4:03.6இல் ஓடினார். நான்கு நிமிடம் எட்டாத தூரத்தில் இல்லை என்பது அந்த ஓட்டத்தில்தான் தனக்குத் தெரிந்தது என்று பின்னாளில் சொன்னார். இதைக் கவனிக்க வேண்டும். முதலில் நம்பி, பிறகு அந்த நேரத்தில் ஓடவில்லை. ஓடி முடித்து, கடிகாரத்தைப் பார்த்து, அதன் பிறகு நம்பினார். அடுத்த மாதமே நண்பர்கள் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்க, 4:02.0இல் ஓடினார். அது உண்மையான பந்தயம் போல் நடக்கவில்லை என்று பிரிட்டனின் தடகள அமைப்பு சாதனையாக ஏற்க மறுத்தது. மறுத்தது நியாயமா என்பது வேறு விஷயம். அவருடைய உடலுக்குள் அந்த எண் பதிந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே இருவருடன் சேர்ந்து பயிற்சி தொடங்கினார். ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃப்ல் பயிற்சியாளர். முறை எளிமையானது. கால் மைல் தூரம், அதாவது மைதானத்தில் ஒரு சுற்று, பத்து முறை ஓட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையே இரண்டு நிமிட ஓய்வு. ஆரம்பத்தில் ஒவ்வொரு சுற்றும் 66 விநாடி. வாரங்கள் போகப் போக 65, 64 என்று இறங்கி, ஏப்ரலில் 61க்கு வந்து நின்றது. அங்கேயே மாட்டிக்கொண்டது. 60 வேண்டும், வரவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் பயிற்சியை இரட்டிப்பாக்குவார்கள். பேனிஸ்டரும் பிராஷரும் காரை எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்துக்குப் போய் சில நாட்கள் மலை ஏறினார்கள். ஓடவே இல்லை. திரும்பி வந்து ஓடியபோது சுற்று 59 விநாடியில் முடிந்தது. எந்த உளவியல் பாடமும் தேவையில்லை. களைத்திருந்த உடல் ஓய்வெடுத்தது, அவ்வளவுதான். ஆனால் ஓய்வெடுக்கத் துணிவதற்கு நம்பிக்கை வேண்டும். தன் மேல் சந்தேகம் உள்ளவரால் பயிற்சியை ஒரு நாள்கூட விட முடியாது. விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயம். சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு இந்த முழு நிகழ்விலும் நம்பிக்கை சுத்தமாகத் தெரிகிற இடம் இதுதான்.

1954 மே 6

காலையில் மருத்துவமனைக்கு வழக்கம் போலப் போனார். ஆய்வுக்கூடத்தில் இருந்த சாணைக்கல்லில் ஓட்டக் காலணியின் ஆணிகளைத் தீட்டினார். ஆக்ஸ்போர்டுக்கு ரயில் ஏறியபோது அதே ரயிலில் ஸ்டாம்ஃப்ல் இருந்தார். வெளியே காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. காற்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரு விநாடியைத் தின்றுவிடும் என்பது பேனிஸ்டரின் கணக்கு. அப்படியானால் காற்றில்லாத நாளில் 3:56இல் ஓடக்கூடியவரால்தான் இன்று நான்கு நிமிடத்துக்குள் வர முடியும். ஸ்டாம்ஃப்ல் சொன்னது: உன்னால் 3:56இல் ஓட முடியும். இன்று விட்டால் வாய்ப்பு மறுபடி வராமலே போகலாம். பிறகு காலம் முழுக்க வருந்துவாய்.

"நீ எதையும் சாதிப்பாய்" என்று ஸ்டாம்ஃப்ல் சொல்லவில்லை. ஓர் எண்ணைச் சொன்னார். மாதக்கணக்கில் கூட இருந்து, 66லிருந்து 59 வரை கடிகாரத்தில் பார்த்தவர் சொன்ன எண் அது. அதனால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது.

மாலையில் மைதானத்துக்கு வந்தும் முடிவெடுக்கவில்லை. அருகிலிருந்த தேவாலயத்தின் உச்சியில் பறந்த கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பந்தயம் தொடங்க இருந்த நேரத்தில் கொடி சற்றுத் தளர்ந்தது. சரி, ஓடலாம் என்றார். கதைகளில் வரும் அசைக்க முடியாத மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசி நிமிடம் வரை அவர் ஊசலாடினார்.

முதல் சுற்றில் பிராஷர் முன்னால் ஓடினார். ஓய்வெடுத்த கால்கள், பேனிஸ்டருக்கு வேகம் குறைவாக இருப்பதாகத் தோன்றியது. "வேகமாக!" என்று கத்தினார். பிராஷர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் வேகத்திலேயே ஓடினார். சுற்று முடிந்தபோது 57.5 விநாடி. தேவையானதைவிடவே வேகம்! பிராஷர் அந்தக் கத்தலுக்குச் செவிசாய்த்திருந்தால் பேனிஸ்டர் மூன்றாம் சுற்றில் தீர்ந்துபோயிருக்கக்கூடும். அரை மைல் 1:58இல் கடந்தது. பிறகு சாட்டவே முன்னால் வந்தார். முக்கால் மைலில் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டியிருந்தது. கடைசி எதிர்ப்பக்க நேர்பாதையில் பேனிஸ்டர் சாட்டவேயைக் கடந்து தனியாக ஓடினார். 3:59.4.

நான்கு சுற்றில் மூன்றுக்கு மேல் வேறு இருவரின் முதுகுக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். அந்த "வேகமாக!" என்ற கத்தல் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மிகச் சிறந்த ஓட்டக்காரர், தன் வாழ்வின் மிகச் சிறந்த ஓட்டத்தின் நடுவே, தன்னுடைய வேகத்தையே தவறாக உணர்ந்தார். நமக்குள் எழும் உணர்வு எப்போதும் உண்மைச் செய்தி கொண்டு வருவதில்லை. "நன்றாகப் போகவில்லை" என்று தோன்றும் நேர்காணல் நன்றாகப் போயிருக்கும். "அசத்திவிட்டேன்" என்று நினைத்தது சறுக்கியிருக்கும்.

லேண்டிக்கு என்ன நடந்தது

பேனிஸ்டர் ஓடிய 46ஆவது நாள், 1954 ஜூன் 21 அன்று, பின்லாந்தின் டூர்க்கு நகரில் லேண்டி 3:57.9இல் ஓடினார். புதிய உலகச் சாதனை. கதை சொல்பவர்களுக்கு இது பெரிய சான்று: 4:02ஐத் தாண்ட முடியாதவர், அடுத்தவர் ஓடிக் காட்டியதும் நான்கு விநாடியைக் குறைத்துவிட்டார், பாருங்கள்!

நடுவில் ஒரு செய்தி விடுபடுகிறது. பேனிஸ்டரின் சாதனை தெரிந்த பிறகும், பின்லாந்து மண்ணில் லேண்டி முதலில் ஓடியது 4:01.6. தடை உடைந்த செய்தி காதில் விழுந்ததும் கால்கள் விடுபடவில்லை. ஜூன் 21 அன்று மாறியது எது? அன்று பந்தயத்தில் சாட்டவே இருந்தார். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் தனியாகவே முன்னால் ஓடிப் பழகிய லேண்டியை முதன்முறையாக ஒருவர் கடைசிச் சுற்று வரை விடாமல் நெருக்கினார். கடைசியில் சாட்டவே பின்தங்கிவிட்டார். அதற்குள் லேண்டியின் வேகம் வேறு நிலைக்குப் போயிருந்தது.

பேனிஸ்டரின் சாதனை லேண்டிக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஏதோ செய்திருக்கும். ஆனால் பக்கத்தில் மூச்சு வாங்க ஓடுகிற ஒருவர் செய்ததை, தொலைவிலிருந்து வந்த செய்தி செய்யவில்லை. நேரங்கள் அதைத்தான் காட்டுகின்றன. ஆகஸ்ட் மாதம் வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர் ஓடியபோது பேனிஸ்டர் 3:58.8இல் வென்றார், லேண்டி 3:59.6. ஒரே பந்தயத்தில் இருவர் நான்கு நிமிடத்துக்குள் வந்தது அதுவே முதல் முறை.

வேலையிடத்துக்கு வந்தால்

1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, ஒரு குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று வகுத்து எழுதினார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பகமானவரின் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுக்கே வலு அதிகம் என்றார். பேனிஸ்டர் கதையில் நான்கும் இருக்கின்றன. வலுவின் வரிசையும் அப்படியே இருக்கிறது. 66லிருந்து 59க்கு இறங்கிய சுற்றுகள் இல்லாமல், ரயிலில் ஸ்டாம்ஃப்ல் பேசிய பேச்சு வெறும் பேச்சாக முடிந்திருக்கும்.

இந்த நம்பிக்கைக்கும் பொதுவான சுயமதிப்புக்கும் வேறுபாடு உண்டு. நான் நல்லவன், திறமைசாலி என்பது ஒன்று. இந்த அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் என்னால் முடிக்க முடியும் என்பது இன்னொன்று. வேலைத் திறனோடு தெளிவாகத் தொடர்பு காட்டுவது இரண்டாவது வகை. 1998இல் ஸ்டாஜ்கோவிச், லுத்தன்ஸ் இருவரும் 114 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த நம்பிக்கைக்கும் வேலையில் காட்டும் திறனுக்கும் இடையே 0.38 அளவு தொடர்பு கிடைத்தது (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1). மனித நடத்தை ஆய்வுகளில் இது நல்ல எண். ஆனால் தொடர்பு என்பதால் திசை தெரியாது. நம்பியதால் நன்றாகச் செய்தார்களா, நன்றாகச் செய்து வந்ததால் நம்பினார்களா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பேனிஸ்டர் விஷயத்தில் இரண்டாவதுதான் முதலில் நடந்தது.

எந்த அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்: வேலை நன்றாகத் தெரியும், கேட்டால் விளக்குவார், ஆனால் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். பதவி உயர்வு வரும்போதெல்லாம் பேசத் தெரிந்தவருக்குப் போய்விடும். அவரிடம் "உங்களை நீங்கள் நம்புங்கள்" என்று சொல்வதால் என்ன ஆகும்? வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று "நான் சிறந்த பேச்சாளன்" என்று சொல்லிப் பார்ப்பார். 2009இல் ஜோன் வுட்டும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். சுயமதிப்பு குறைவாக உள்ளவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்பது போன்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். உள்ளே இருந்து ஒரு குரல் "அப்படியா?" என்று கேட்டுவிடுகிறது போலும்.

அவருக்கு வேண்டியது 66 விநாடிச் சுற்று. நாலு பேர் இருக்கும் குழுவில் வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி. அது பழகிய பிறகு கொஞ்சம் பெரிய கூட்டம், கொஞ்சம் கடினமான கேள்விகள். முன்னால் ஓடித் தர ஆளும் வேண்டும்: கூட்டத்தில் "இதைப் பற்றி அவருக்குத் தெரியும், சொல்லட்டும்" என்று இடம் ஏற்படுத்திக் கொடுக்கும் சக ஊழியர். மேலதிகாரி ஸ்டாம்ஃப்ல் வேலையைச் செய்யலாம், ஆனால் குறிப்பாகப் பேச வேண்டும். "சென்ற மாதம் வாடிக்கையாளர் கேட்ட கடினமான கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலால்தான் ஒப்பந்தம் நிலைத்தது, அதையே நாளை இயக்குநர்கள் முன் சொல்லுங்கள்." இப்படிச் சொன்னால் மறுக்க முடியாது, ஏனென்றால் நடந்தது.

பேசி முடித்ததும் "சொதப்பிவிட்டேன்" என்று தோன்றும். அங்கே ஒரு பிராஷர் தேவை. எப்படி இருந்தது என்று நேர்மையாகச் சொல்லும் ஒருவர்.

வேலை தேடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. கேப்ரியேல் ஓட்டிங்கன், டோரிஸ் மேயர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பை முடிக்கும் மாணவர்களிடம் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே அளந்தார்கள்: வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு, வேலை கிடைத்தாற்போல் இனிய கனவு காண்பது எவ்வளவு. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, எதிர்பார்ப்பு அதிகம் உள்ளவர்கள் நல்ல நிலையில் இருந்தார்கள். கனவு அதிகம் கண்டவர்களோ குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள், அவர்களுக்கு வந்த வேலை அழைப்புகள் குறைவு, சம்பளமும் குறைவு. எதிர்பார்ப்பு பழைய அனுபவத்திலிருந்து வருகிறது. கனவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மனம் முன்கூட்டியே விருந்து சாப்பிட்டுவிட்டால் வேலை செய்யப் பசி இருக்காது. வெற்றியைக் கண்முன் நிறுத்திக் கற்பனை செய்யுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை பார்த்தால் நல்லது.

அன்றாட வாழ்க்கையிலும் இதே கணக்குதான். நடுவயதில் வண்டி ஓட்டக் கற்பவர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி படிக்க உட்காருபவர், நோயிலிருந்து மீண்டு நடக்கப் பழகுபவர். எல்லோருக்கும் சிறிய, அளந்து பார்க்கக்கூடிய முதல் சுற்று ஒன்று வேண்டும்.

இந்த நம்பிக்கை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவுவதும் இல்லை. பேனிஸ்டர் 1954 முடியும் முன்பே ஓட்டத்தை விட்டுவிட்டு மருத்துவத்துக்குப் போனார். நரம்பியல் வல்லுநராகி, தன்னியக்க நரம்பு மண்டலம் குறித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஓட்டத்தைவிட அந்த வேலையைத்தான் பெரிதாக மதிப்பதாகப் பலமுறை சொன்னார். அங்கே 3:59.4 எந்த நோயாளியையும் குணப்படுத்தாது. முதல் சுற்றிலிருந்து தொடங்கித்தான் பெயர் எடுத்தார்.

வெஸ் சாண்டீ

இந்த ஆய்வில் ஒரு குறை இருக்கிறது. வென்றவரை மையத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்க்கும்போது எல்லாமே காரணமாகத் தெரியும். காற்று தணியாமல் இருந்திருந்தால் பேனிஸ்டரின் ஊசலாட்டத்தைக் கோழைத்தனம் என்று எழுதியிருப்பார்கள். அதனால் மூன்றாமவரையும் பார்த்துவிட வேண்டும்.

சாண்டீயிடம் நம்பிக்கைக்குப் பஞ்சமே இல்லை. முதல் ஆள் நானே என்று சொன்னார். பேனிஸ்டர் முந்திக்கொண்ட பிறகும் தளரவில்லை. 1954 ஜூனில் கலிஃபோர்னியாவில் ஓடிய ஒரு மைல் பந்தயத்தில், வழியில் 1,500 மீட்டரை 3:42.8இல் கடந்து அந்தத் தூரத்துக்கு உலகச் சாதனையே படைத்தார். மைலின் முடிவில் கடிகாரம் காட்டியது 4:00.6. அடுத்த ஆண்டு 4:00.5. ஆனால் அவர் பல்கலைக்கழக அணிக்காக ஓடிய காலத்தில், ஒரே நாளில் இரண்டு மூன்று பந்தயங்களில் அணிக்குப் புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. ஓய்வெடுத்து, நாள் பார்த்து, இரண்டு நண்பர்களை முன்னால் ஓடவிட்டுச் செய்யும் முயற்சிக்கு அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு, அனுமதித்ததைவிட அதிகமாகச் செலவுப் பணம் வாங்கினார் என்று அமெரிக்க அமெச்சூர் தடகள அமைப்பு அவருக்குத் தடை விதித்தது. நான்கு நிமிடத்துக்குள் அவர் ஒருபோதும் ஓடவில்லை. மூன்று பேரில் அதிகம் நம்பியவர் யார் என்று கேட்டால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.